எண்ணெய்த் தலையும் கம்பித் தொப்பியும்

பேராண்டி, என் மண்டையை அளக்கணும்னு ஆசைப்படுறே. ஆசைப்படு. தாசில்தார் ஆபீஸ்காரங்க ஏரிப் புறம்போக்கை அளந்தாங்க. ரைஸ்மில்காரன் நெல்லை அளக்கிறப்பவே நம்மளையும் சேர்த்து அளந்தான். மண்டைக்குள்ள ஓடுறதை அளக்குறேன்னு என் வாசப்படி ஏறி வந்தவன் இதுவரைக்கும் யாருமில்ல. சொந்தப் பேரனே கேக்குறப்ப மாட்டேன்னா சொல்லுவேன்? ஆனா நீ அனுப்பின காயிதத்தை எல்லாம் உன் தங்கச்சி ராத்திரி ராத்திரி எனக்குப் படிச்சுக் காட்டிட்டா. புரியாத இடத்துல மறுபடி படிடீன்னு படுத்திப் படுத்தி ஓரளவு புரிஞ்சுக்கிட்டேன். அதனால கெழவனுக்கு என்னா தெரியும்னு நெனைச்சுக்கிட்டு வராதே.

மொதல்ல இந்த எண்ணெய் சமாச்சாரம். "தலைக்கு எண்ணெய் வைக்காம குளிச்சுட்டு, நல்லாத் துவட்டிக் காயவெச்சுட்டு வா தாத்தா"ங்கிறே. எழுபது வருசமா நல்லெண்ணெய் ஊறின மண்டைடா இது. ஒருநாள் சீயக்காயில எல்லாம் போயிடுமா? எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா நீ மண்டையில ஒட்டுற உலோக வில்லைக்கும் என் தோலுக்கும் நடுவுல மின்சாரம் சரியா வராதாம். அதுக்காகத் தோலை லேசாச் சுரண்டி, பசை தடவி ஒட்டுவியாம். ஒட்டுற இடத்துக்கும் ஒரு நிலஅளவை வெச்சிருக்கீங்க. மூக்குத்தண்டு தொடங்குற பள்ளத்துலேர்ந்து பின்மண்டை மேடு வரைக்கும் டேப்பு பிடிச்சு, அதுல நூத்துக்குப் பத்து, நூத்துக்கு இருபதுன்னு கூறு போட்டு முளைக்குச்சி அடிக்கிறீங்க. இந்தக் கணக்கை 1958ல எழுதி வெச்சவரு ஹெர்பர்ட் ஜாஸ்பர்னு ஒரு டாக்டரு. நல்ல ஆளு. நம்ம ஊரு சர்வேயரை விட நேர்மையா அளந்திருக்காரு, மண்டையில பக்கத்துக் கொல்லைக்காரன் வரப்பை வெட்டித் தள்ள முடியாதில்ல.

இப்ப அளவைப் பாரு. டார்ச் லைட்டுக்குப் போடுற செல்லு ஒண்ணரை வோல்ட்டு. அதை 30,000 கூறாப் போட்டா ஒரு கூறு 50 மைக்ரோவோல்ட்டு. கண்ணை மூடி சும்மா உட்கார்ந்திருக்கிறவன் பின்மண்டையில கிடைக்கிற அலை பெரும்பாலும் அதுக்குள்ளதான் நிக்குமாம். இவ்வளவு சன்னமான சத்தத்தைக் கேக்க உட்கார்ந்திருக்கிறப்ப நான் ஒருவாட்டி கண்ணைச் சிமிட்டினா அதைவிடப் பல மடங்கு பெரிசாக் கோடு எகிறுது. பல்லைக் கடிச்சா தாடைச் சதையோட மின்சாரம் வந்து காயிதம் பூரா கரி பூசிடுது. அப்ப வாயில வெத்தலையை அடக்கிக்கிட்டு நான் உட்கார்ந்தேன்னு வெச்சுக்கோ, உன் கோட்டைப் பார்க்குற வாத்தியாரு "ஆகா, முகையூர்க் கெழவன் என்னமா யோசிக்கிறான்"னு எழுந்து நின்னு கும்பிடுவாரு. யோசிச்சது நான் இல்லடா, பாக்கு.

இந்த விளையாட்டை ஆரம்பிச்சவரு கதை அதைவிட வேடிக்கை. ஜெர்மனியில ஹான்ஸ் பெர்கர்னு ஒரு டாக்டரு. வாலிபத்துல பட்டாளத்துப் பயிற்சியில குதிரையிலேர்ந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்துல மயிரிழையில தப்பிச்சாரு. அன்னைக்குச் சாயங்காலமே அப்பாகிட்டேர்ந்து தந்தி: உனக்கு ஏதோ ஆபத்துன்னு உன் அக்கா சொல்றாளே, சௌக்கியமான்னு. ஒரு மனசு இன்னொரு மனசுக்குச் சேதி அனுப்புதுன்னு மனுசன் முடிவே பண்ணிட்டாரு. அந்தச் சேதியைப் பிடிக்கத்தான் மண்டையில கம்பி வெச்சுக்கிட்டே திரிஞ்சாரு. 1924ல யேனா ஊர்ல மனுச மூளையோட அலையை மொதமொதலாப் பிடிச்சாரு. வெளியில சொல்ல 1929 ஆச்சு. அஞ்சு வருசம் பொத்தி வெச்சிருந்தாரு, ஏன்னா அவருக்கே அதுமேல சந்தேகம். பெத்த பிள்ளைங்க தலையிலயே ஒட்டிப் பார்த்தாரு. கண்ணை மூடி இருக்கையில ஒரு நொடிக்குப் பத்து தடவை மாதிரி நிதானமா ஒரு அலை ஓடுது, கண்ணைத் திறந்தாலோ மனக்கணக்குப் போட்டாலோ அது அடங்கிடுது. அதுக்கு ஆல்ஃபான்னு பேரு வெச்சாரு. அக்கா அனுப்பின சேதி கடைசி வரைக்கும் கிடைக்கல.

யாரும் அவரை நம்பல. அப்புறம் கேம்பிரிட்ஜ்ல ஏட்ரியன்னு ஒருத்தரு, 1932லயே நோபல் பரிசு வாங்கினவரு, மாத்யூஸ்ங்கிறவரோட சேர்ந்து 1934ல செஞ்சு காட்டினாரு. மேடையில உட்கார்ந்து தன் மண்டையிலேயே கம்பி வெச்சுக்கிட்டாரு. அதோட விடாம ஒரு நீர்வண்டுக்கும் கம்பி வெச்சாரு. இருட்டுல வண்டு நிம்மதியா அலை விடுது, வெளிச்சம் பட்டா அடங்குது. நோபல் வாங்கின பேராசிரியருக்கும் அதே, குட்டையில கெடக்குற வண்டுக்கும் அதே. உன் வாத்தியாருக்குக் கர்வம் தலைக்கேறுறப்ப எல்லாம் அந்த வண்டை ஞாபகப்படுத்து. நேரா சொல்லாதே, மார்க்கைக் குறைச்சுடுவாரு.

சரி, என்னை என்னா யோசிக்கச் சொல்லப் போறே? நூறுலேர்ந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கிட்டே போகச் சொல்லுவியாம். தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது. இதெல்லாம் ஒரு யோசனையா? அரகண்டநல்லூர் கமிட்டியில மல்லாட்டை மூட்டையைப் போட்டுட்டு, சாக்கு எடை, கல்லு மண்ணு, ஏத்துகூலி, இறக்குகூலி, உங்கப்பன் வாங்கின முன்பணம் அத்தனையும் கழிச்சுக் கையில என்னா நிக்கும்னு பஸ் ஏறுறதுக்குள்ள போட்டவன் நானு. வாயி ஏழைக் கழிச்சுக்கிட்டே இருக்கும், மனசு மேலண்டைக் கொல்லையில மோட்டார் ஓடுதா இல்லையான்னு பார்த்துக்கிட்டிருக்கும். உன் மிசினுக்கு எது தெரியும்?

அந்தக் கமிட்டியையே எடுத்துக்கோ. மதில் சுவருக்கு வெளியில நின்னு காதை வெச்சுக் கேளு. ஏலம் நடக்குதா இல்லையான்னு சொல்லிடலாம். கூட்டம் ஜாஸ்தியா கம்மியா, சத்தம் கெழக்கேர்ந்து வருதா மேக்கேர்ந்தான்னும் ஒரு மாதிரி சொல்லலாம். மூட்டை என்னா விலைக்குப் போச்சு, யாரு யாரை ஏமாத்துனான்னு சொல்ல முடியுமா? வில்லையெல்லாம் கோத்த உன் தொப்பி அந்த மதிலுக்கு வெளியில நிக்கிற காது. உள்ள இருக்கிற நரம்புங்களோ கோடானுகோடி. அதுல ஆயிரக்கணக்கானதுங்க ஒரே தாளத்துல துடிச்சாத்தான் மண்டையோட்டைத் தாண்டி ஒரு முணுமுணுப்பு வெளிய வருது. ஒண்டியா ஒரு நரம்பு உயிரை விட்டுக் கத்தினாலும் உனக்குக் கேக்காது.

இன்னொண்ணு கவனிச்சேன், சிரிப்பை அடக்க முடியல. நொடிக்கு நாலுலேர்ந்து எட்டுத் தடவை வர்ற அலைக்குத் தீட்டான்னு பேராம். தூக்கம் கண்ணைச் சொக்குறப்ப அது மண்டை பூரா பரவுது. மனக்கணக்குல மும்முரமா மூழ்கினா முன்மண்டை நடுவுலயும் அதேதான் ஏறுது. ஆல்ஃபாவும் அப்படித்தான். கணக்குப் போட்டா அடங்கும்னு பெர்கர் காலத்துலேர்ந்து சொல்றீங்க. கேட்டதை மனசுக்குள்ளயே பிடிச்சு வெச்சுக்கச் சொன்னாலோ, புதுசா ஒண்ணைக் கற்பனை பண்ணச் சொன்னாலோ அது ஏறவும் செய்யுதுன்னு பின்னாடி வந்தவங்க எழுதியிருக்காங்க. ஆக திண்ணையில நான் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்துட்டு "பெருசு தூங்குது"ன்னு உங்க ஆயா சொல்றாளே, அது தப்புன்னு நிரூபிக்க உன் சாத்திரத்துல எனக்கு இடமிருக்கு. எந்த இடத்துல, எந்த நேரத்துல, என்ன வேலைக்கு நடுவுலன்னு பார்க்காம வெறும் அலையை வெச்சுப் பேசாதேன்னு உங்க பெரியவங்களும் சொல்றாங்க. அந்த வரியை மட்டும் ஆயாகிட்டப் படிச்சுக் காட்டாதே.

உங்க ஆளுங்க செஞ்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு உண்டு. அமெரிக்காவுல மார்ட்டா குடாஸ், ஸ்டீவன் ஹில்யார்டுன்னு ரெண்டு பேரு 1980ல செஞ்சது. ஒரு வாக்கியத்தை வார்த்தை வார்த்தையாக் காட்டிக்கிட்டே வந்து கடைசி வார்த்தையில காலை வாரி விடுறாங்க. நம்ம பாஷையில சொன்னா, "சுடுசோத்துல கொழம்பை ஊத்திப் பிசைஞ்சு வாயில போட்டான் செருப்பை"ன்னு வெச்சுக்கோயேன். அந்தச் செருப்பு வந்து கால் நொடிக்குள்ள மண்டையில ஒரு பள்ளம் விழ ஆரம்பிச்சு, 400 மில்லி செகண்டுல, அதாவது அரை நொடிக்கும் குறைவுல, உச்சத்துக்குப் போயிடுது. வாயி சிரிக்கிறதுக்கு முன்னாடியே மண்டை "என்னாது?"ன்னு கேட்டுடுது. நம்மூரு தெருக்கூத்துல கட்டியங்காரன் ராத்திரி பத்து மணிலேர்ந்து விடியிற வரைக்கும் வேற என்னாத்தைச் செய்யுறான்? துரியோதன மகாராசா நெஞ்சை நிமித்தி வசனம் பேசுறப்ப நடுவுல பூந்து ரேசன் கடை பாமாயிலை இழுத்துவிடுறான். அத்தனை சனத்துக்கும் ஒரே நேரத்துல பள்ளம் விழுது. பசையும் வேணாம், தொப்பியும் வேணாம். ஆனா ஒண்ணு. ஒரே ஒரு தடவை காட்டினா உன் மிசின்ல அந்தப் பள்ளம் தெரியாதாம், மத்த இரைச்சல்ல முழுகிப் போயிடுமாம். பல தடவை காட்டிக் கூட்டி வகுத்துச் சராசரி எடுத்தாத்தான் தலை தூக்குமாம். கட்டியங்காரனுக்கு ஒரு தடவை போதும்.

ஐன்ஸ்டீனையும் விடல. 1950களோட தொடக்கத்துல அவரு தலையில கம்பியை ஒட்டிப் படுக்க வெச்சு, உங்க சார்பியலைப் பத்தி யோசிங்கன்னு சொன்னாங்களாம். போட்டோகூட இருக்கு. ரோலன் பார்த்னு ஒரு பிரெஞ்சுக்காரரு 1957ல வந்த புத்தகத்துல இதை நல்லாக் கிண்டல் பண்ணியிருக்காராம். அவரு நம்ம சாதி, நக்கல் பிடிச்ச சாதி.

நம்ம தமிழ்நாட்டுக் கதைக்கு வர்றேன், இதைத்தான் நீ முக்கியமாக் கவனிக்கணும். தாரா தியாகராஜன்னு ஒரு அம்மா. மூளை விஞ்ஞானம் படிச்சவங்க, சிறுகடன் கொடுக்கிற கம்பெனியும் நடத்தினவங்க. தன்யா பரமேஸ்வரன்னு ஒரு கூட்டாளியோட சேர்ந்து, தமிழ்நாட்டுல 48 ஊருங்கள்ல 402 பேரு தலையில தொப்பி வெச்சுப் பார்த்து 2017ல எழுதினாங்க. முன்னூறு பேரு இருக்கிற, கரண்டும் மோட்டார் வண்டியும் எட்டாத குக்கிராமத்துலேர்ந்து லட்சக்கணக்கான சனம் இருக்கிற பட்டணம் வரைக்கும். வருசத்துக்கு 300 டாலர் சம்பாதிக்கிறவன்லேர்ந்து ஒண்ணரை லட்சம் டாலர் சம்பாதிக்கிறவன் வரைக்கும். கண்ணை மூடினா எல்லா மனுசனுக்கும் ஆல்ஃபா பொங்கி வரும்னு தொண்ணூறு வருசமா எழுதி வெச்சிருந்தாங்களே, அது அப்படி இல்லையாம். கரண்டு, வண்டி, வருமானம் எட்டாத இடத்துல அந்த அலை மங்கலாத்தான் இருக்காம், பணமும் வசதியும் ஏற ஏறத்தான் எடுப்பாத் தெரியுதாம். ஒரு நாளைக்கு 30 டாலர் வருமானம் வரைக்கும் சரசரன்னு ஏறுதாம்.

இதைக் கேட்டதும் நான் வெத்தலையைத் துப்பிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதுவரைக்கும் மூளைன்னு எழுதினதெல்லாம் பெரும்பாலும் அங்கங்க பல்கலைக்கழகத்துப் பிள்ளைங்க மண்டையை வெச்சு எழுதினது. உலகத்து மண்டை அத்தனையும் அதே மாதிரின்னு நெனைச்சிருந்தவங்களுக்கு நம்ம பக்கத்துச் சனம் ஒரு குட்டு வெச்சிருக்காங்க. அந்த மட்டுக்கும் சந்தோசம். ஆனா இதை எடுத்துக்கிட்டு நாளைக்கு ஒருத்தன் வருவான் பாரு, "ஏழைக்கு அலை மட்டம், அதனால புத்தி மட்டம்"னு. அங்கதான் நீ உஷாரா இருக்கணும். கண்ணை மூடச் சொன்னதும் வசதிக்காரன் மனசு எங்கயாச்சும் மெத்தையில சாயும். கூலிக்காரன் கண்ணை மூடினா வாராவாரம் கட்ட வேண்டிய குழுக் கடன் தவணை வந்து நிக்கும். அவன் தலையில தொப்பியை மாட்ட வெச்ச ஆளே கடன் கம்பெனி நடத்தினவங்கன்னா கேக்கணுமா! இது என் குசும்பு, ஆராய்ச்சி இல்ல. நீ செய்யுறதா இருந்தா அதையும் ஒரு கேள்வியா எழுதிக்க. அன்னைக்கு அவன் சாப்பிட்டானா, தூங்கினானா, எத்தினி பேருக்குக் கடன்னு கேட்டு எழுதிட்டு அப்புறம் தொப்பியை வை.

திருவெண்ணெய்நல்லூர் நமக்கு எட்டுற தூரம்தான். சுந்தரருக்குக் கல்யாணம் நடக்குறப்ப ஒரு கெழவன் வந்து "நீ எனக்கு அடிமை"ன்னு தகராறு பண்ணி, வழக்கு அங்க சபைக்குப் போனது உனக்குத் தெரியும். வந்தது சிவபெருமான். ஆனா ஊரு சபை என்னா கேட்டுச்சு? ஆட்சி, ஆவணம், காட்சி, மூணுல எது வெச்சிருக்கீருன்னு கேட்டுச்சு. கடவுளா இருந்தாலும் ஓலையைக் காட்டு, கையெழுத்தை ஒப்பிட்டுப் பாருன்னுட்டாங்க. சுந்தரரைப் பிடிச்சு உட்கார வெச்சு, "நான் அடிமை"ன்னு காதுல ஓதி, மண்டை துடிக்குதா பாருன்னு யாரும் சொல்லல.

2008ல புனே கோர்ட்டுல அப்படி ஒரு சோதனையைத்தான் சாட்சியா எடுத்துக்கிட்டாங்க. பெங்களூரு நிம்ஹான்ஸ்ல மருத்துவ உளவியல் துறைத் தலைவரா இருந்த முகுந்தன்னு ஒரு பேராசிரியரு ஒரு முறை கண்டுபிடிச்சாரு. சந்தேகப்படுற ஆளு தலையில தொப்பியை மாட்டி, வாயைத் திறக்காதேன்னு சொல்லிட்டு, குத்தத்தைத் தானே செஞ்ச மாதிரி வாக்கியமா ஒலிபரப்புறது. "நான் விஷம் வாங்கினேன்", இப்படி. செஞ்சவனுக்கு அந்த அனுபவம் மண்டையில கிளம்பி அலையாத் தெரியும், வெறுமே கேள்விப்பட்டவனுக்குத் தெரியாதுன்னு சொன்னாங்க. பழைய காதலனுக்கு விஷம் கலந்த பிரசாதம் கொடுத்தாள்னு குத்தம் சாட்டப்பட்ட ஒரு எம்.பி.ஏ. மாணவிக்கு இந்தச் சோதனையும் ஒரு சாட்சியாகி ஆயுள் தண்டனை ஆச்சு. உலகமே வாயைப் பொளந்து பார்த்துச்சு. அதே வருசம் நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையில கூடின குழு, இதுக்கு விஞ்ஞான ஆதாரம் பத்தாது, கோர்ட்டுல சாட்சியா வைக்காதீங்கன்னு சொல்லிடுச்சு. பின்னாடி ஐகோர்ட்டு அந்தப் பொண்ணுக்கு ஜாமீனும் கொடுத்துச்சு.

நீயே யோசி. என் காதுல "நான் பக்கத்து வூட்டுக் கோழியைத் திருடினேன்"னு ஓதினா என் மண்டை என்னா செய்யும்? நான் திருடல, ஆனா அந்தக் கோழி எந்தக் கொழம்புல வெந்துச்சுன்னு எனக்குத் தெரியும். கோவமும் வரும், பயமும் வரும், வாசனையும் வரும். எந்த அலை எதுக்குன்னு மதிலுக்கு வெளியில நிக்கிறவன் தீர்ப்பு எழுதிடுவானா?

2010 மே 5ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு செல்வி வழக்குல இதுக்கு ஒரு கடிவாளம் போட்டுச்சு. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில மூணு நீதிபதிங்க. மயக்க ஊசி போட்டுக் கேக்குறது, பொய் பிடிக்கிற மிசின், இந்த மூளை அலைச் சோதனை, மூணையும் யாருக்கும் கட்டாயப்படுத்திச் செய்யக் கூடாது, தனக்கு எதிரா தானே சாட்சி சொல்ல வைக்கக் கூடாதுங்கிற அரசியல் சட்டத்தோட 20(3) பிரிவுக்கு அது விரோதம்னு சொன்னாங்க. வாயை மூடிக்கிட்டு இருக்க நமக்கு உரிமை இருக்குன்னா, மண்டையை மூடிக்கிட்டு இருக்கவும் உரிமை இருக்கு. மனசார ஒத்துக்கிட்டாச் செய்யலாமாம், அப்பவும் அந்த முடிவை அப்படியே சாட்சியா எடுத்துக்க முடியாதாம். அதனால உன் ஒப்புதல் படிவத்துல என் கையெழுத்தை வாங்குறதுக்கு முன்னாடி அதைத் தமிழ்ல எழுதிக்கிட்டு வா. கைநாட்டு ஊருன்னு நெனைச்சுக்கிட்டு மை டப்பாவோட வந்தேன்னா திருப்பி அனுப்பிடுவேன்.

பிள்ளைங்க மண்டைக்கும் இந்தப் பட்டையை மாட்டிப் பார்த்துட்டாங்க. சீனாவுல ஒரு ஆரம்பப் பள்ளியில பிள்ளைங்க நெத்தியில கட்டி, கவனமா இருந்தா செவப்பு லைட்டு, கவனம் சிதறினா நீல லைட்டுன்னு எரியவிட்டு, கணக்கை வாத்தியாருக்கும் அப்பன் ஆத்தாளுக்கும் அனுப்பினாங்க. 2019ல சனம் கத்துன கத்துல நிறுத்தினாங்க. நம்ம பக்கமோ அந்த மிசின் செலவுகூட இல்லாம, கண்ணைக் கட்டிப் படிக்க வைக்குறேன், நடுமூளையை எழுப்புறேன்னு காசு வாங்கினாங்க. கட்டின துணிக்குக் கீழ மூக்கோரமா ஒரு சந்து இருக்குன்னு கண்ணாமூச்சி விளையாடுன எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், பெத்தவங்களுக்குத்தான் மறந்துபோச்சு.

மிசின் மேல எனக்குப் பகை இல்லடா. வலிப்பு வர்ற பிள்ளைங்களுக்கு டாக்டருங்க மொதல்ல எடுத்துப் பார்க்கிறது இந்தக் கோட்டைத்தான், அது எத்தினியோ பேரைக் காப்பாத்துது. டெல்லி எய்ம்ஸ்ல ஆனந்த், சீனா, பல்தேவ் சிங்னு மூணு பேரு 1961ல யோகிங்க தலையில வெச்சுப் பார்த்தாங்க. ரெண்டு யோகிங்க 4 டிகிரித் தண்ணியில முக்கால் மணி நேரத்துக்கு மேல கையை வெச்சிருந்தும் அவங்க ஆல்ஃபா அசையவே இல்ல. மார்கழி வெடிகாலையில வாய்க்கால்ல மடை மாத்துறவனையும் ஒருக்கா பார்த்திருக்கலாம், அவனுக்கு எப்படிப்பட்ட வசவு அலை ஓடுதுன்னு தெரிஞ்சிருக்கும். பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில சுப்ரதிம் ரே ஆளுங்க செஞ்சதுதான் என் வயிறைக் கலக்குது. வயசானவங்களுக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டை கோடுங்களைக் காட்டி, காமான்னு ஒரு வேக அலையை அளக்குறாங்க. வயசு ஏற ஏற அது மங்குதாம். மறதி நோயோட ஆரம்பத்துல இருக்கிறவங்களுக்கு அதே வயசுக்காரங்களை விட இன்னும் மங்கலா இருக்காம். மறதியை முன்கூட்டியே பிடிக்க இது வழியாகுமான்னு பார்க்குறாங்க. நல்ல காரியம்தான், ஒத்துக்குறேன்.

ஆனா இங்க எனக்கு ஒரு சிக்கல் இருக்கு. மேலண்டைக் கொல்லையும் ஏரிக்கரைக் கழனியும் இன்னும் என் பேர்லதான் கெடக்கு. உயில்ல மொதல் வரியே என்னா? "சுய நினைவோடும் நல்ல மனநிலையோடும் எழுதி வைப்பது"ன்னு. நீ பாட்டுக்கு வந்து தொப்பியை மாட்டி, "தாத்தாவுக்குக் காமா கொஞ்சம் மங்கல்"னு ஒரு காயிதத்தை வூட்டுல போட்டுட்டுப் போனேன்னு வெச்சுக்கோ. உங்க சின்ன அத்தை அதை லாமினேஷன் பண்ணி விழுப்புரம் கோர்ட்டுல போய் நிப்பா. பெருசுக்கு மூளை கொழம்பின பின்னாடி எழுதின உயிலு, செல்லாதும்பா. அதனால மொதல்ல சார்பதிவாளர் ஆபீசு, அப்புறம்தான் உன் ஆபீசு. பதிவு முடிஞ்ச மறுநாளே துப்பிட்டு, குளிச்சுட்டு, எண்ணெய் வைக்காம வந்து உட்கார்றேன், போதுமா?

என்னா, உயில்ல யாரு யாரு பேரு இருக்குன்னு கேக்குறியா? அடப் பாவி, இதைக் கேக்குறதுக்கு முன்னாடி தொப்பியை உன் தலையில மாட்டியிருக்கணும்டா. அலை எந்தப் பக்கம் எகிறுதுன்னு நானும் உன் தங்கச்சியும் பார்த்திருப்போம்.